சுவரில் சாய்த்து வைத்த கம்புகள்

மதி கண்ணு,

நீ கேட்டது ஒரே ஒரு வார்த்தை. "வரட்டுமா, வேணாமா? ஒரு வார்த்தையில சொல்லும்மா, மேடைப் பேச்செல்லாம் வேணாம்" என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் சிரித்தாய். பெற்றவளை ஊரே சேர்ந்து எம்எல்ஏ ஆக்கிவிட்ட பிறகு அவளிடம் ஒரு வார்த்தையில் பதில் கேட்பது உன்னுடைய தப்பு. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால்கூட 'அன்பார்ந்த' என்று ஆரம்பிக்கிற வாய் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாட்ஸப்பில் அனுப்பினால் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நீ வேலைக்குப் போய்விடுவாய். இது தாளில் வரும். அனுப்புவதற்கு முன்னால் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். கேட்க வருகிற குப்பத்து ஜனங்கள் எல்லோருக்கும் வாசிப்பேன். உனக்கும் எனக்கும் மட்டுமான விஷயம் இல்லை இது. ஒரே ஒரு பெயரைத்தான் எழுத மாட்டேன், அது ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

இந்த ஒரு வாரமாக மத்தியானத் தூக்கத்தில் எனக்கு ஒரே கனவு. கனவில் நம் கடலுக்குச் சத்தமே இல்லை. அலை வருகிறது, போகிறது, ஆனால் காதில் எதுவும் விழுவதில்லை. தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாகக் காற்றாலைகள் நிற்கின்றன, நீ போட்டோவில் அனுப்புவாயே அந்த மாதிரி. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பழைய புடவைத் துண்டு கட்டியிருக்கிறது. ஒன்றில் என் அரக்குக் கல்யாணப் புடவையின் முந்தானைகூட ஆடுகிறது. இறக்கைகள் சுற்றவில்லை. யாரோ வரட்டும் என்று நிற்கிற மாதிரி நிற்கின்றன. நான் முழங்கால் தண்ணீரில் நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது யாரு வூட்டுது? இது யாரு வூட்டுது?" என்று கேட்டுக்கொண்டே போகிறேன். பதில் வருவதற்குள் விழிப்பு வந்துவிடும். எழுந்து பார்த்தால் தலையணையில் மணல் இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. உன் அப்பாவிடம் சொன்னேன். "வெயில்ல சுத்தாத, மோர் குடி" என்றார். அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

நாலு மாதம் முன்னால் நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? "ம்மா, இங்க வேல்ஸ் சட்டசபையில ஒரு அம்மா உன்ன மாதிரியே பேசுது. அதே கோவம், அதே கையாட்டல். வெள்ளைக்காரியா போனதுதான் வித்தியாசம்." அந்த அம்மாள் இரண்டு கவலைகளைச் சொன்னாராம். எங்கள் ஊர்களில் காற்றாலையும் மின்கோபுரமும் நடுகிறீர்களே, ஊர்க்காரர்களைக் கேட்டீர்களா என்பது ஒன்று. தப்புச் செய்துவிட்டார்கள் என்று பிடித்துவருகிற பிள்ளைகளை நடத்துகிற விதத்தை நாங்களே தீர்மானிக்கக் கூடாதா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சாவி வேறு ஊரில் இருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் புதுச்சேரிக் கதையும் அதுதானே? சபை இருக்கிறது, மைக் இருக்கிறது, மேசையைத் தட்டலாம், கோப்பு மட்டும் மேலே போயிருக்கும். அன்றிலிருந்து அந்த அம்மாள் எனக்குப் பழக்கமானவர் போல ஆகிவிட்டார். பீச் ரோட்டுச் சுவரில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து சுண்டல் தின்கிறோம், அவர் அவருடைய மழையைப் பற்றிச் சொல்கிறார், நான் என்னுடைய வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு காரில் போகும்போது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பான். கரண்டுக்கும் பிள்ளைகளைப் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம், எதற்கு இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறார் என்று அன்று நீ கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. இப்போது தெரியும்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூடியிருந்து இதைக் கேட்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமே. கடலுக்குள் காற்றாலை நடுகிற உன் கம்பெனி, நம் பக்கத்துக் கடலிலும் நடப்போகிறவர்களோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது. நடுக்கடலில் உண்டாகும் கரண்ட், தடித்த கம்பி வழியாகக் கரையேற வேண்டும். அது கரையேறும் இடமாக அவர்கள் குறித்திருப்பது நம் குப்பத்து மணலை. நோணாங்குப்பத்தில் படகேறுகிற டூரிஸ்டுகள் தூரத்திலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிற அதே மணல். அந்தக் கரைவேலைக்கு உன்னையே என்ஜினியராக அனுப்புகிறோம், போகிறாயா என்று இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே உன்னைக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை வீட்டுக்கே வந்துவிடுவான் என்று கேட்டதும் என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். காற்றாலையையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கரண்ட் போய் ஐஸ் பேக்டரி நின்றால் பெட்டி பெட்டியாக மீன் நாறிப்போவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனால் கம்பி புதைத்த மணலில் நாளைக்குக் கரைவலை இழுக்கலாமா, கூடாதா? தோண்டுகிற காலத்தில் எங்கள் ஜனங்கள் எங்கே போவார்கள்? இதை நான் கேட்ட இடத்தில் எல்லாம் டீ கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. அதற்குள் சென்ற மாதம் அந்தக் கம்புச் சமாசாரம் நடந்துவிட்டது.

முறைக்கம்பு உனக்கு மறந்திருக்காது. நம் கரையில் ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக் கரைவலைதான் இறங்கும். எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுக் கம்பு மணலில் நிற்கும். சவுக்குக் கம்பு, தலையில் அந்த வீட்டுப் புடவைத் துண்டு. விடிந்ததும் அடுத்த முறைக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை வந்து நேற்றைய கம்பைப் பிடுங்கிவிட்டுத் தன் வீட்டுக் கம்பை நட வேண்டும். ஆம்பிளைகள் தொடக் கூடாது, தொட்டால் அடிதடி வரும் என்று எந்தக் காலத்திலோ பெண்பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டார்கள். நம் வீட்டில் பெண்பிள்ளை பிறக்கவில்லை என்று சின்ன வயதில் உன்னை அனுப்பினோமே! குப்பமே 'மதி பாப்பா, மதி பாப்பா' என்று கூவி உன்னை அழவைத்தது. பிடுங்கின கம்பை ஒருநாள் நீ கோபத்தில் மணலில் வீசிவிட்டு வந்தாய். நான் உன் காதைத் திருகி, அதை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு வரச் சொன்னேன். பிடுங்கினால் பகை இல்லை, வீசினால்தான் பகை. சுவரில் சாய்த்து வைத்தால், 'உன் முறை முடிந்தது, மறுபடி வரும்' என்று அர்த்தம். யாருடையது என்று தெரியாத கம்பு என்றால் கங்கையம்மன் கோயில் சுவர். அன்று நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய்ச் சாய்த்துவிட்டு வந்தாய், அந்த வீட்டில் உனக்கு வறுத்த நெத்திலி கொடுத்தார்கள், திரும்பி வரும்போது பாடிக்கொண்டு வந்தாய்.

கம்பி புதைக்க அளவெடுக்க வந்தவர்களுக்கு இது தெரியாது. தப்பு அவர்கள் மேலும் இல்லை. தவளக்குப்பம் முனையில் இருக்கிற மரக்கடையில் சவுக்குக் கம்பு வாங்கி, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி கட்டி, அலையோரத்திலிருந்து தென்னந்தோப்பு வரைக்கும் வரிசையாக நட்டுவிட்டு மத்தியானம் கிளம்பிப் போய்விட்டார்கள். மறுநாள் விடியலில் முறை என் தங்கச்சி வீட்டுக்கு. என் சித்தப்பா மகள், உனக்கு யார் என்று தெரியும். அவளுடைய பெண், உன்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள், பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் தன் வீட்டுக் கம்போடு கரைக்கு வந்தாள். இவள் பெயரைத்தான் எழுத மாட்டேன் என்றேன். பதினெட்டு நிறையாத பிள்ளை ஒரு வழக்கில் வந்தால் பெயரை வெளியே சொல்லக் கூடாது, அது சட்டம். குப்பத்தில் நாய்க்குட்டிக்குக்கூட அவள் பெயர் தெரியும், இருந்தாலும் சட்டம் சட்டம்தான். பாப்பா என்றே எழுதுகிறேன். பாப்பா பார்த்தாள், கரை முழுக்கக் கம்பு. யாரோ புதிதாக வலை வாங்கிவிட்டு வரிசை தெரியாமல் நட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒன்றைக்கூட உடைக்கவில்லை. "யாரு வூட்டுது?" என்று நாலு பேரைக் கேட்டிருக்கிறாள், யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய்க் கங்கையம்மன் கோயில் சுவரில், சிவப்புத் துணி மேலே இருக்கும்படி வரிசையாகச் சாய்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அன்று வலையில் நல்ல பாடு, சங்கரா மீன் துள்ளியது என்று உன் அப்பா சொன்னார்.

அந்த வரிசைதான் வினையாகிவிட்டது. வெறும் குறும்பாக இருந்தால் கம்புகள் தண்ணீரில் மிதக்கும், அடுப்பில் எரியும். இது இவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கிறதே, பின்னால் யாரோ இருந்து திட்டம்போட்டுச் செய்த வேலை என்று, கம்பு நட்ட ஒப்பந்தக்காரர் புகார் கொடுத்துவிட்டார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கின பிள்ளையைச் சீருடையோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் ஓடினேன். சிவப்புத் தொப்பி போட்ட நம் புதுச்சேரிப் போலீஸ்காரர்கள் நடுவில், கைதிகள் அறைக்கு எதிரே போட்ட பெஞ்சில், மடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பிள்ளைகளை இப்படி ஸ்டேஷனில் உட்காரவைக்கக் கூடாது என்பது சரிதான், அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? "நான் யாருன்னு தெரியுமா?" என்றேன். வாழ்நாளில் சொல்ல மாட்டேன் என்று உன்னிடமே சத்தியம் செய்த வாக்கியம் அது. சப்-இன்ஸ்பெக்டர் எழுதி முடிக்கப்போன தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் முதலிலிருந்து இன்னும் விரிவாக எழுத ஆரம்பித்தார். பாப்பா என் புடவையை இழுத்து மெதுவாகச் சொன்னாள்: "பெரிம்மா, கத்தாத. அந்த சார் இப்பதான் எனக்கு டீ வாங்கியாந்து குடுத்தாரு." என் கோபம் உனக்கும் இருக்கிறது மதி. அது வருகிற நேரத்தில் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய் நின்றுவிடு.

அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வரச்சொல்லி நாள் குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. அவளுக்கு ஆசையே அந்தச் சிவப்புத் தொப்பிதான். பிளஸ் டூ முடித்ததும் போலீஸ் வேலை என்று கரையில் ஓடிப் பழகுகிறவள். பிள்ளை வயதில் நடந்தது பிறகு வேலைக்குக் குறுக்கே வராது என்று சட்டம் சொல்கிறது, நான் சொன்னால் நம்புகிறாளா? "கேசுன்னு பேரு வந்துட்டாலே முடிஞ்சிச்சி பெரிம்மா" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்தச் சமயம் பார்த்து ஒப்பந்தக்காரரின் ஆள் நம் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. "மேடம், புகார வாபஸ் வாங்கிடலாம், சின்னப் பொண்ணு பாவம். ஊர்க்கூட்டத்துல கம்பிக்கு சம்மதம்னு ஒரு கடிதம் மட்டும் குடுத்துட சொல்லுங்க. உங்க பையனும் நம்ம லைன்லதான் இருக்காரு, நாளைக்கு அவரே வந்து இங்க ஒக்காரப்போறாரு" என்றார். உன் பெயர் அவர் வாயில் வந்ததும் எனக்குள் ஏதோ ஆடிப்போனது. அப்பா வலை கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்காமல், "காப்பி ஆறுது தம்பி, குடிச்சிட்டு கெளம்புங்க" என்றார்.

அவர் போனார், அந்தப் பேச்சு போகவில்லை. அன்று முழுக்க நான் ஊசலாடினேன். கடிதத்தில் என்ன இருக்கிறது, கம்பி எப்படியும் வரத்தான் போகிறது, பிள்ளையும் தப்பிப்பாள், நீயும் சண்டை இல்லாத கரைக்கு வந்து சேருவாய் என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. தங்கச்சி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "குடுத்துடலாம்க்கா. எம்பொண்ணு தலநிமிந்து ஓடுனா போதும்." நான் பேனாவை எடுத்தேன் என்றே வைத்துக்கொள். படுத்துக்கிடந்த பாப்பா எழுந்து உட்கார்ந்தாள். "நான் புடுங்குனது கம்பும்மா. அதுக்கு நீங்க கரைய குடுப்பீங்களா?" அவ்வளவுதான் கேட்டாள், தலைமுடியை முடிந்துகொண்டு கரைக்கு ஓடப்போய்விட்டாள். மூன்று நாள் கழித்து முதல்முறையாக ஓடப் போனாள். நாங்கள் இரண்டு பெரிய மனுஷிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கரண்டையும் பிள்ளைகளையும் அந்த வேல்ஸ் அம்மாள் ஏன் ஒரே மூச்சில் பேசினார் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. பெரிய வேலை ஒன்று சின்ன ஊருக்குள் கேட்காமல் வந்தால், முதலில் அதன் குறுக்கே வந்து நிற்பது பிள்ளைகள்தான். நாம் சபையில் பேசுவதற்குள் அந்தப் பிள்ளைகள் அதில் கை வைத்துவிடுகிறார்கள். பிறகு அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு நம்மிடம் பேரம் பேசலாம்.

குழும அறையில் கூண்டு கிடையாது. சாதாரண மேசை, நாலைந்து நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பி இல்லாமல் கட்டம்போட்ட சட்டையில் வந்திருந்தார், ரேஷன் கடையில் பார்க்கிற ஆள் போல இருந்தார். நடுவில் உட்கார்ந்திருந்த மாஜிஸ்திரேட் அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். எம்எல்ஏ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "பெரியம்மாங்க" என்றேன். உட்காரச் சொன்னார். ஒப்பந்தக்காரரின் ஆளிடம், கம்பு உடைந்ததா என்று கேட்டார், இல்லை என்றார். காணாமல் போனதா என்று கேட்டார், கோயில் சுவரில் இருந்தது என்றார். பிறகு பாப்பாவைப் பேசச் சொன்னார். அவள் முறைக்கம்பைப் பற்றி, உனக்கு நான் மேலே எழுதியதையெல்லாம், மூச்சுவிடாமல் சொன்னாள். அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி: "அது யாரோடதுன்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியாம்மா?" ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தங்கச்சி என் தொடையைக் கிள்ளுகிறாள். பாப்பா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இல்ல மேடம். எங்க அண்ணன் கம்பா இருந்தாலும் புடுங்கியிருப்பேன். அன்னிக்கு எங்க முறை. புடுங்கி, அவரு வூட்டு செவுத்துல பத்தரமா சாச்சி வச்சிருப்பேன். அவரு முறை வரும்போது வந்து எடுத்துக்குவாரு."

வேப்பம்பழம் ஒன்று ஜன்னல் கட்டையில் விழுந்த சத்தம் கேட்டது. உன்னைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது, அந்த அறையில் நீ வந்து நின்ற மாதிரி எனக்கு இருந்தது, கையில் சவுக்குக் கம்போடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கண்ணீர் வந்துவிட்டது. மாஜிஸ்திரேட் அம்மாள் மற்ற இரண்டு உறுப்பினர்களோடு மெதுவாகப் பேசினார். இனிமேல் தெரியாத கம்பு என்றால் தொடுவதற்கு முன்னால் பெரியவர்களைக் கூப்பிடு என்று பாப்பாவுக்கு அறிவுரை சொன்னார். கம்பு நடுவதற்கு முன்னால் ஊரைக் கேளுங்கள் என்று அந்த ஆளுக்கும் சொன்னார். அதோடு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் பாப்பாவை ஏற இறங்கப் பார்த்து, "பிளஸ் டூ முடிச்சிட்டு வா. ஒயரம் பத்தும்" என்றார். அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு! நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க யாருன்னு எனக்கு தெரியும் மேடம், ஓட்டு போட்டதே உங்களுக்குத்தான்" என்றார். அவமானமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

இதற்குப் பிறகு சபையில் பேசினேன். கம்பி விஷயமாக ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்றேன். எந்தத் திட்டத்தின் பெயராலும் பிள்ளைகள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரக் கூடாது என்றேன். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னேன். கரண்டுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். வேல்ஸிலும் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். ஊர்க்கூட்டம் நடத்த ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றது வழக்கம்போல மேலே போயிருக்கிறது. எப்போது கீழே வரும் என்று தெரியாது, விடப்போவதில்லை. அந்த வெள்ளை அம்மாளை எங்கேயாவது பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல். என் பெயர் அவருக்குத் தெரியாது, பரவாயில்லை, சொல்.

இப்போது உன் ஒரு வார்த்தை. உன்னை வா என்று சொன்னால், பிள்ளைப் பாசத்தில் ஊரை விற்றேன் என்று என் மனசே கேட்கும். வேண்டாம் என்று சொன்னால், யாரோ ஒருவன் வந்து மறுபடி மரக்கடையில் கம்பு வாங்குவான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு வாரம் அந்தக் கனவைக் கண்டுகொண்டிருந்தேன். நேற்றுக் காலையில் வாசலைத் திறந்தேன். கங்கையம்மன் கோயில் சுவரில் இருந்த கம்புகள் அத்தனையும் நம் வீட்டுச் சுவரில் வரிசையாகச் சாய்ந்திருந்தன, சிவப்புத் துணி மேலே. அளவெடுக்க வந்த ஆள்கள் வேறு கம்பு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அவற்றைக் கோயிலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பாப்பா பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்றாள். "அண்ணன்தான வரப்போறாரு? அப்போ அண்ணன் கம்புதான பெரிம்மா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள். அப்பா வந்து பார்த்தார். உள்ளே போய்த் தார்ப்பாயை எடுத்துவந்து, மழையில் நனையாதபடி மேலே போர்த்தி, ஓரத்தில் கல் வைத்தார். நேற்று மத்தியானம் நான் தூங்கினேன், கனவு வரவில்லை.

அதனால் நான் சொல்ல எதுவும் இல்லை, நம் வீட்டுச் சுவரே உனக்குச் சொல்லிவிட்டது. கம்பு யார் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறதோ அவன் வந்துதான் ஆக வேண்டும். ஆனால் வந்ததும் நட்டுவிடாதே. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, விடியலில் கரையில் போய் நின்று, இன்றைக்கு யார் முறை என்று கேள். ஊர்க்கூட்டத்தில் எங்களோடு மணலில் உட்கார்ந்து, வலை இழுக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு உனக்குத் தெரிந்த உண்மையைச் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். உன் கம்பெனிக்கு அது பிடிக்காமல் போகலாம், எனக்கே பிடிக்காமல் போகலாம், அப்போதும் சொல். பாப்பா உன் முன்னால் வந்து நிற்பாள், இப்போது உன் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். அவள் சரி என்றால் நடு. இன்றைக்கு உன் முறை இல்லை என்று சொல்லிவிட்டால், கோபப்படாதே. கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வா. சோறு இருக்கும்.

உன் அம்மா